விதிகளைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்? மாணவர் பேரவையின் விதித் திருத்தக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நம் கல்லூரி மாணவர் பேரவையின் அமைப்பு விதிகளை முழுமையாகத் திருத்தி எழுதும் பொறுப்பை ஏற்று, பாடச்சுமைக்கு நடுவிலும் ஒரு வரைவைத் தந்திருக்கிறீர்கள். அதற்காக முதலில் நன்றி சொல்ல வேண்டும். பொறுப்பாளர்கள் பருவத்துக்கு ஒரு முறை வரவு செலவு அறிக்கை தர வேண்டும், தவறு செய்தவரைப் பதவியிலிருந்து நீக்க வழி இருக்க வேண்டும் என்று தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறீர்கள். இதுவரை நம் விதிகளில் அப்படி ஒன்று இருந்ததில்லை. இறுதியாண்டு மாணவன் என்ற முறையிலும் வகுப்புப் பிரதிநிதி என்ற முறையிலும் அதை முழுமனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் அந்த அத்தியாயத்தைத் தாங்கி நிற்க வேண்டிய கடைசிப் பகுதி, அதாவது விதிகளை எவ்வாறு திருத்தலாம் என்பதைச் சொல்லும் பகுதி, மிகவும் பலவீனமாக இருக்கிறது. பேரவையின் எந்தக் கூட்டத்திலும், வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் எந்த விதியையும் திருத்தலாம் என்றும், திருத்தம் அன்றே நடைமுறைக்கு வரும் என்றும் வரைவு சொல்கிறது. கணக்குக் காட்டும் கடமையை எவ்வளவு கறாராக எழுதினாலும், அந்தக் கடமைக்கு உட்பட்டவர்களே ஒரே மாலையில் அதை நீக்கிவிட முடியுமானால், அது அவர்கள் விரும்பும் வரை மட்டுமே கடமையாக இருக்கும். இந்த மடலில் நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வரைவின்படி பேரவையில் 45 உறுப்பினர்கள். மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 15 பேர் வந்தால் கூட்டம் செல்லும். அந்த 15 பேரில் மூன்றில் இரண்டு பங்கு 10 பேர். செயற்குழுவில் இருப்பவர்கள் 9 பேர். ஆக, செயற்குழுவினர் தங்களோடு ஒரே ஒரு பிரதிநிதியைச் சேர்த்துக்கொண்டால், வருகை குறைவாக உள்ள ஒரு நாளில் தணிக்கை விதியையே எடுத்துவிடலாம். இன்றைய செயற்குழுவினர் அப்படிச் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலரை அறிவேன், மதிக்கிறேன். விதிகளை இன்றைய நல்லவர்களை நம்பி எழுத முடியாது. நாம் பெயரே அறியாத, இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் சில ஆண்டுகளில் இந்தப் பேரவைக்குத் தலைவராவார். அவருக்காகவும்தான் எழுதுகிறோம்.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 368ஆவது பிரிவு இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதம் நமக்கு உதவும். அங்கே வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு என்பது மட்டும் போதாது. அவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவும் வேண்டும். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் இப்படி. இந்த இரண்டாவது நிபந்தனையை நம் பேரவைக்கும் சேர்த்தால், 10 பேர் என்பது உடனே 23 பேர் ஆகிவிடுகிறது. அதே பிரிவு, குடியரசுத் தலைவர் தேர்தல் முறை, மத்திய மாநில அதிகாரப் பகிர்வு போன்றவற்றைத் தொடும் திருத்தங்களுக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவற்றின் ஒப்புதலையும் கேட்கிறது. அதிகாரப் பங்கீட்டை மாற்றும்போது, அந்த அவைக்கு வெளியே உள்ள இன்னொருவரின் சம்மதமும் வேண்டும் என்பதே அதன் சாரம். நம்மிடம் மாநிலங்கள் இல்லை. ஆனால் பேரவைக்கு வெளியே ஓர் அமைப்பு இருக்கிறது: மாணவர்கள் அனைவரும். தேர்தல், பதவிக்காலம், நிதி, தணிக்கை, பதவி நீக்கம், விதித்திருத்தம் ஆகியவை பற்றிய பகுதிகளைத் தொடும் எந்தத் திருத்தமும் பேரவையில் நிறைவேறிய பின் மாணவர்களின் பொது வாக்கெடுப்பிலும் நிறைவேற வேண்டும் என்று எழுதுங்கள். கூட்டம் நடத்தும் முறை, குழுக்களின் எண்ணிக்கை போன்றவற்றைப் பேரவையே முடிவு செய்துகொள்ளட்டும்.

எண்ணிக்கை அளவுக்கு நேரமும் முக்கியம். ஒரு திருத்தம் முன்மொழியப்படும் கூட்டமும் அதன் மீது வாக்கெடுக்கும் கூட்டமும் வெவ்வேறாக இருக்க வேண்டும். இடையில் குறைந்தது 14 நாள்கள் இருக்க வேண்டும். முன்மொழிந்த நாளிலேயே அதன் முழு வாசகமும் எல்லா மாணவர்களும் பார்க்கும் இடத்தில் வைக்கப்பட வேண்டும். பருவத் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் வாக்கெடுப்பு வைக்கக் கூடாது. தேர்தல் முடிவு வெளியான நாளிலிருந்து புதியவர்கள் பொறுப்பேற்கும் நாள் வரை, பழைய பேரவை எந்த விதியையும் தொடக் கூடாது. தோற்றுப்போன ஓர் அணி, வரப்போகிறவர்களின் கையைக் கட்டிவிட்டுப் போக அந்த இடைவெளி மிக வசதியானது. அப்போது மாணவர்களின் கவனம் முழுக்க முடிவுகள் மீதுதான் இருக்கும்.

பொது வாக்கெடுப்பு என்றதும் எத்தனை பேர் வாக்களித்தால் அது செல்லும் என்ற கேள்வி எழும். பல அமைப்புகள் செய்வதுபோல "மொத்த மாணவர்களில் நான்கில் ஒரு பங்கினர் வாக்களித்தால்தான் செல்லும்" என்று எழுதிவிடாதீர்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். பார்க்க நியாயமாகத் தோன்றும் இந்த விதி நடைமுறையில் விபரீதமாக வேலை செய்கிறது. பட்டியலில் 2000 மாணவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 500 பேர் வாக்களிக்க வேண்டும். ஆதரித்து 450 பேரும் எதிர்த்து 60 பேரும் வாக்களித்தால் மொத்தம் 510, திருத்தம் நிறைவேறிவிடுகிறது. அதே 60 பேர் வாக்களிக்கவே வராமல் இருந்தால் மொத்தம் 450, திருத்தம் தோற்கிறது. எதிர்த்து வாக்களிப்பதை விட வராமல் இருப்பதே எதிர்ப்பாளருக்கு லாபம் என்றாகிவிடுகிறது. அப்புறம் அவர்கள் ஏன் விவாதிக்க வருவார்கள்? இத்தாலிய அரசமைப்பின் 75ஆவது பிரிவு, ஒரு சட்டத்தை நீக்கக் கோரும் பொது வாக்கெடுப்பில் வாக்குரிமை உள்ளோரில் பெரும்பான்மையினர் பங்கேற்க வேண்டும் என்கிறது. அங்கே எதிர்ப்பாளர்கள் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டாம் என்று பிரசாரம் செய்வது வழக்கமாகிவிட்டது. 2025 ஜூன் மாதத்தில் நடந்த வாக்கெடுப்புகளிலும் வாக்குப்பதிவு பாதியை எட்டாமல் அவை செல்லாமல் போயின.

இதற்கு மாற்று எளிது. ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளை விட அதிகமாக இருக்க வேண்டும். கூடவே, ஆதரவு வாக்குகள் மட்டும் மொத்த மாணவர்களில் 15 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2000 பேரில் அது 300 வாக்குகள். இப்போது எதிர்ப்பாளர் வீட்டில் இருப்பதால் அவருக்கு எந்த நன்மையும் இல்லை. வந்து எதிர்த்தால்தான் பயன். அதே நேரத்தில், யாருக்கும் அக்கறை இல்லாத ஒரு நாளில் முப்பது பேர் கூடி விதியை மாற்றிவிடவும் முடியாது.

வரம்பை மிக உயரத்தில் வைப்பதும் ஆபத்துதான் என்பதை மறக்கவில்லை. எட்டவே முடியாத வரம்பு இருந்தால் திருத்தங்கள் நின்றுபோவதில்லை. விதிப்புத்தகத்துக்கு வெளியே நடக்கத் தொடங்குகின்றன. "இங்கே வழக்கம் அப்படித்தான்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அடுத்த ஆண்டு அதுவே சட்டம் போலப் பேசப்படும். மாணவர் அமைப்புகளில் இது மற்ற இடங்களை விட எளிதில் நடக்கும். ஏனெனில் மூன்று நான்கு ஆண்டுகளில் வாக்காளர் பட்டியல் முழுவதுமே புதிதாகிவிடுகிறது. ஒரு விதி ஏன் எழுதப்பட்டது என்று தெரிந்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இருப்பவர்களிடம் மிஞ்சுவது காகிதம் மட்டுமே.

அந்தக் காகிதத்தின் நிலை என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். வரைவைப் படிப்பதற்கு முன் நடப்பு விதிகளைப் பார்க்க விரும்பிப் பேரவை அலுவலகத்தில் கோப்பைக் கேட்டு வாங்கினேன். அதில் விதிகளின் மூன்று படிகள் இருந்தன. ஒன்றில் பொருளாளர் பேரவையால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். இன்னொன்றில் தலைவரால் நியமிக்கப்படுகிறார். மூன்றாவதில் அந்தப் பக்கமே இல்லை. தனித்தாள் ஒன்றில் பதவிக்காலம் பற்றிய ஒரு திருத்தம் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதில் தேதி இல்லை, கையெழுத்து இல்லை, எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது என்ற குறிப்பும் இல்லை. எந்தப் படி இப்போது நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டபோது அங்கிருந்த எவராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பொருளாளர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே தெளிவில்லாத ஓர் அமைப்பில், அவரிடம் கணக்குக் கேட்பது எப்படி?

ஜெர்மனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அதன் 79ஆவது பிரிவு, அடிப்படைச் சட்டத்தின் வாசகத்தையே வெளிப்படையாக மாற்றும் அல்லது அதில் சேர்க்கும் சட்டத்தால் மட்டுமே அதைத் திருத்த முடியும் என்கிறது. அதற்கு முந்தைய வைமார் குடியரசில், தேவையான பெரும்பான்மை இருந்தால், அரசமைப்பின் வாசகத்தைத் தொடாமலேயே அதற்கு முரணான சட்டத்தை இயற்றிவிடலாம் என்ற நடைமுறை இருந்தது. நூலைப் படிப்பவருக்கு ஒன்று தெரியும். நடப்பில் இருப்பது வேறொன்றாக இருக்கும். அந்த அனுபவத்தின் விளைவாகவே இந்தப் பிரிவு எழுதப்பட்டது. நமக்கும் அதே விதி வேண்டும். ஒவ்வொரு திருத்தத் தீர்மானமும் பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் அருகருகே காட்ட வேண்டும். நிறைவேறிய ஏழு நாள்களுக்குள் செயலாளர் முழு விதிகளின் புதிய படியைத் தேதியிட்டுக் கையெழுத்திட்டு வெளியிட வேண்டும். ஒரு படி கல்லூரி நூலகத்தில் இருக்க வேண்டும். நூலகப் படியில் இல்லாத எதுவும் விதியாகாது. திருத்தத்துக்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுதிச் சேர்த்தால் இன்னும் நல்லது. நான்கு ஆண்டு கழித்து வருகிறவருக்கு அந்த ஒரு பத்தி எவ்வளவு பெரிய உதவி என்பதை, அந்தக் கோப்பைப் புரட்டிய பிறகே முழுதாக உணர்ந்தேன்.

அடுத்து, தங்களுக்கே பயன் தரும் திருத்தங்கள். பதவிக்காலத்தை நீட்டிப்பது, மீண்டும் போட்டியிடத் தடையை நீக்குவது, மதிப்பூதியத்தைக் கூட்டுவது, நடந்துகொண்டிருக்கும் விசாரணையின் விதிகளை மாற்றுவது ஆகிய எதுவும், அதற்கு வாக்களித்தவர்களுக்குப் பொருந்தக் கூடாது. அமெரிக்க அரசமைப்பின் 27ஆவது திருத்தம், காங்கிரஸ் உறுப்பினர்களின் ஊதியத்தை மாற்றும் சட்டம் எதுவும் இடையில் ஒரு பிரதிநிதிகள் சபைத் தேர்தல் நடக்கும் வரை நடைமுறைக்கு வராது என்கிறது. 1789இல் முன்மொழியப்பட்டு 1992இல்தான் அது ஏற்கப்பட்டது. நமக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ஒரு வாக்கியம் எழுதினால் போதும்.

கணக்குக்கு வருகிறேன். பருவத்துக்கு ஒரு அறிக்கை என்பது சரி. ஆனால் அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்று வரைவு சொல்லவில்லை. சென்ற பருவத்தின் அறிக்கை ஒரே பக்கம்; அதில் மேடை, ஒலிபெருக்கி, பரிசுகள் என்று சில வரிகளுக்குப் பிறகு "இதர செலவுகள்" என்று ஒரு வரி, அந்த வரியின் தொகை மற்ற எந்த வரியை விடவும் பெரியது. பொருளாளர் நேர்மையாகவே செலவு செய்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவருடைய நேர்மையை அவராலேயே நிரூபிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு செலவுக்கும் ரசீதும், அதை அனுமதித்த தீர்மானத்தின் எண்ணும் இருக்க வேண்டும். மொத்தச் செலவில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் "இதர" என்ற தலைப்பில் காட்டக் கூடாது. வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்தின்றி இயக்கக் கூடாது. எந்த மாணவரும் கேட்ட ஐந்து வேலை நாள்களுக்குள் ரசீதுகளைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். பிரிட்டனின் 1994ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, மாணவர் சங்கங்களின் நிதி அறிக்கை ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளியிடப்பட்டு மாணவர் அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதோடு, வெளி அமைப்புகளுக்குச் சங்கம் கொடுத்த நன்கொடைகளின் பட்டியலும் அதில் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகள், வேட்பாளர்கள் தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வெளியான இரு வாரங்களுக்குள் தர வேண்டும் என்கின்றன. அது அவசியமான விதிதான். ஆனால் வேட்பாளர் செலவழிக்கும் தொகையை விட, வென்ற பின் ஓராண்டு முழுவதும் அவர் கையாளும் மாணவர் கட்டணம் பல மடங்கு பெரியது என்பதால் நம் கவனம் பின்னதில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணக்கு ஒப்படைக்காதவருக்கு என்ன நேரும் என்பதையும் வரைவு சொல்லவில்லை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குப் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்று தெளிவாகப் பொறித்து வைத்திருக்கிறது. அவருடைய உறவினரையும் சேர்த்து விலக்கியது அந்தக் காலத்து நியாயம். அது நமக்கு வேண்டாம். ஆனால் கணக்கு முடிக்காதவர் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது என்ற ஒரு வரி நம் விதிகளில் கட்டாயம் வேண்டும்.

பதவி நீக்கம் பற்றிய பகுதியில்தான் எனக்கு மிகுந்த கவலை. "பேரவையின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் நடத்தை" என்பதை நீக்கத்துக்குரிய காரணமாக வைத்திருக்கிறீர்கள். இந்தச் சொற்களுக்குள் எதையும் அடக்கலாம். ரசீது எங்கே என்று கூட்டத்தில் உரக்கக் கேட்கும் ஒரு வகுப்புப் பிரதிநிதிகூட நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தவர்தான் என்று ஒரு செயற்குழு சொல்லிவிட முடியும். பொறுப்புக் கேட்பதற்காக எழுதிய விதி, பொறுப்புக் கேட்பவரை வெளியேற்றப் பயன்பட்டுவிடும். ஆகவே காரணங்களைக் குறிப்பாக எழுதுங்கள். பேரவை நிதியைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்தல், உரிய தேதிக்குள் கணக்கு ஒப்படைக்காமை, தகுந்த காரணமின்றித் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராமை, நிறைவேறிய தீர்மானத்தை வேண்டுமென்றே மீறுதல் ஆகியவை போதும் என்று நினைக்கிறேன். குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும். பதில் சொல்ல ஏழு நாள் அவகாசமும், கூட்டத்தில் நேரில் பேச வாய்ப்பும் வேண்டும். வாக்கெடுப்பு ரகசியமாக நடக்க வேண்டும். புகார் கொடுத்தவரும் புகாருக்கு உள்ளானவரும் வாக்களிக்கக் கூடாது.

அந்தக் கூட்டத்துக்கு யார் தலைமை வகிப்பது என்பதும் சிறிய விஷயமல்ல. தலைவர் மீது புகார் வந்தால் துணைத் தலைவர் தலைமை வகிப்பார் என்கிறது வரைவு. தலைவர் நீக்கப்பட்டால் அந்த இடத்துக்கு வரப்போகிறவரும் அவரே. அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் மீதான குற்ற விசாரணை செனட்டில் நடக்கும்போது, வழக்கமாகத் தலைமை வகிக்கும் துணைக் குடியரசுத் தலைவர் விலகி, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தலைமை ஏற்கிறார். நாமும் பதவியில் இல்லாத ஒருவரை, மாணவர்களும் ஆசிரியர்களும் ஏற்கும் ஒரு நடுவரை, ஆண்டின் தொடக்கத்திலேயே, எந்தப் புகாரும் எழுவதற்கு முன்பே தேர்ந்தெடுத்து வைக்கலாம். விதிகளின் பொருள் குறித்துத் தகராறு வரும்போதும் அந்த நடுவரே முடிவு சொல்லலாம். இப்போது அந்த அதிகாரம் தலைவரிடம் இருக்கிறது. தன்னைக் கட்டுப்படுத்தும் விதிக்குத் தானே பொருள் சொல்வது எவருக்கும் நல்லதல்ல.

இன்னொன்று. அனைத்து மாணவர்களும் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவரையும் செயலாளரையும் பேரவையின் முப்பது வாக்குகள் வீட்டுக்கு அனுப்பிவிடுவது முறையாகாது. பேரவை குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாக முடிவு செய்தால் அவர்களை இடைநீக்கம் செய்யட்டும். இறுதி நீக்கத்தை 21 நாள்களுக்குள் மாணவர்களின் வாக்குக்கு விடட்டும். அதேபோல், பேரவை கண்ணை மூடிக்கொண்டால் மாணவர்களே கையொப்பம் திரட்டி அந்த வாக்கெடுப்பைக் கோரவும் வழி வேண்டும். கலிபோர்னியாவில் ஆளுநரைத் திரும்ப அழைக்கக் கோருவதற்கு, அந்தப் பதவிக்குக் கடைசியாகப் பதிவான வாக்குகளில் 12 சதவீத அளவுக்குக் கையொப்பம் வேண்டும்; 2003இல் கிரே டேவிஸ் அவ்வாறு பதவி இழந்தார். சிறிய அமைப்பான நமக்கு 20 சதவீதம் பொருத்தமாக இருக்கும். இல்லாவிட்டால் தோற்ற அணி ஒவ்வொரு மாதமும் மனுவோடு வந்து நிற்கும்.

இவ்வளவு கட்டுப்பாடுகளை எழுதினால் விதிகள் இறுகிப்போய்விடாதா என்று குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்வி. பிரிட்டனின் அதே சட்டம் மாணவர் சங்க விதிகளை ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்கிறது. நம்மிடம் அதை மூன்று ஆண்டுகள் என்று வைக்கலாம். ஒரு மாணவர் கல்லூரியில் இருக்கும் காலத்தில் ஒரு முறையாவது முழு விதிகளும் அவர் முன் விவாதத்துக்கு வரும். அவசரத்தில் மாற்ற முடியாது, அதே சமயம் மாற்றவே முடியாமலும் போகாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வரைவையே பழைய விதியின்படி ஒரே கூட்டத்தில் நிறைவேற்றிவிடாதீர்கள். மேலே கேட்ட நடைமுறையை முதலில் இதற்கே பொருத்துங்கள்: முழு வாசகத்தையும் வெளியிட்டு, 14 நாள் கொடுத்து, பேரவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவைப் பெற்று, பிறகு மாணவர்களின் ரகசிய வாக்குக்கு விடுங்கள். திருத்தம், தணிக்கை, பதவி நீக்கம் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் மாற்று வாசகத்தை எழுதி இம்மடலுடன் இணைத்திருக்கிறேன். அதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, ஏற்றாலும் மறுத்தாலும் அதற்கான காரணத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் பதிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இறுதியாண்டு வகுப்புப் பிரதிநிதி ஒருவர்